பெண்களுக்கான பிளைன் டி-ஷர்ட்: உள்ளே தெரியாத, கழுத்து தளராத பீஸை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெண்பருத்தி:

பிரிண்ட், எழுத்து, மணி, சரிகை எதுவும் இல்லாத, ஒரே நிற ரவுண்ட் நெக் டி-ஷர்ட் தேடுகிறேன். வெள்ளை, கருப்பு, நேவி ப்ளூ இந்த மூன்று நிறம் போதும். ஜீன்ஸுடன் ஆபீஸுக்கும் போடணும், வீட்டிலும் போடணும். இருப்பது சென்னையில், அதனால் வியர்வையை இழுக்கிற துணியாக இருக்கணும்.

ஆண்கள் பிரிவில் கெட்டியான பிளைன் டி-ஷர்ட் அடுக்கடுக்காக இருக்கிறது. பெண்கள் பிரிவில் அதே விலைக்குக் கிடைப்பது வலை மாதிரி மெல்லிசு. வெள்ளை என்றால் உள்ளே போட்டிருப்பது அப்படியே தெரியும். நாலு துவைப்பில் கழுத்து அகன்றுவிடும், பக்கத் தையல் முன்பக்கம் வந்துவிடும், வயிற்றுப் பக்கம் குண்டூசி அளவு ஓட்டைகள் விழும்.

கேட்க நினைப்பது இதுதான்: எத்தனை ஜிஎஸ்எம் எடையுள்ள துணி பார்த்து வாங்கணும்? சுத்த காட்டனா, லைக்ரா (ரப்பர் மாதிரி இழுபடும் நூல்) கலந்ததா? கடையில் கையில் எடுத்ததும் எதைச் சோதிக்கலாம்? ஆண்கள் எஸ் சைஸ் வாங்கினால் சரிவருமா? மார்பளவு 36 இஞ்ச்.

---

நூல்நம்பர்30:

திருப்பூர்ங்க. துணி பக்கத்தை மட்டும் சொல்றேன், தையல் பக்கம் தெரிஞ்சவங்க வருவாங்க.

நீங்க சொன்ன வலை மாதிரி துணி பெரும்பாலும் 40-ம் நம்பர் நூல்ல ஓட்டுன சிங்கிள் ஜெர்ஸியா, அதாவது ஒத்தைப் பின்னல் பனியன் துணியா இருக்கும். நூல் நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசாகும். 40-ம் நம்பர்ல 110, 120 ஜிஎஸ்எம் வரும். 30-ம் நம்பர்ல 140, 150. 24-ம் நம்பர்ல 170, 180. 20-ம் நம்பர் போனா 200 பக்கம் வந்துரும். ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணியோட கிராம் எடை, அவ்வளவுதான். பெண்கள் பீஸுக்கு "ஒட்டி விழணும், மெத்துன்னு இருக்கணும்"னு சொல்லி மெல்லிசு நூலைப் போட்டுடறாங்க. கூடவே ஒரு கணக்கும் இருக்குங்க. துணிச் செலவு கிலோ கணக்குல வர்றது. 180-ல ஒரு கிலோவுக்கு ஆறேழு பீஸ் வெட்டலாம், 140-ன்னா எட்டு, ஒன்பது. மிச்சம் யாருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

உங்க தேவைக்கு வெள்ளை 180-க்குக் குறையக் கூடாது. கருப்பு, நேவிக்கு 160 போதும், சென்னை வெயிலுக்கு அது நல்லாவும் இருக்கும். 200-க்கு மேல போனா மே மாசம் போட முடியாது.

ஆனா ஜிஎஸ்எம் மட்டும் பார்த்து ஏமாந்துறாதீங்க. அதே 180-ஐ மட்டமான நூல்லயும் ஓட்டலாம். கேட்க வேண்டிய அடுத்த விஷயம் கோம்ப்டு நூலா, கார்டட் நூலாங்கறது. கோம்பிங்ல குட்டைப் பஞ்சையெல்லாம் சீவி எடுத்துருவாங்க, நீளப் பஞ்சு மட்டும் நூலாகும். கார்டட்ல குட்டைப் பஞ்சும் உள்ளயே இருக்கும். துவைக்கத் துவைக்க அது வெளிய வந்து ரோமம் ரோமமா நிக்கும், அப்புறம் உருண்டு குருணையாகும். துணியைக் கண்ணுக்கு நேரா தூக்கி, வெளிச்சத்துக்கு எதிர்ல சாய்ச்சுப் பிடிச்சு மேல்பரப்பைப் பாருங்க. புதுசுலயே பஞ்சு நீட்டிக்கிட்டு இருந்தா அங்கேயே வச்சுட்டு வந்துருங்க.

மூணாவது பயோ வாஷ். சாயப்பட்டறையில என்சைம் போட்டு அந்த வெளி ரோமத்தைத் தின்ன வைக்கறது. கருப்புக்கு இது ரொம்ப முக்கியம். கருப்பு டி-ஷர்ட் நரைச்ச மாதிரி ஆகறதுக்குச் சாயம் போறது மட்டும் காரணமில்லை. மேல உடைஞ்சு நிக்கற பஞ்சுல வெளிச்சம் பட்டுச் சிதறறதும் சேர்ந்துதான் சாம்பலாத் தெரியுது.

நாலாவது காம்பாக்டிங். பனியன் துணி ஈரத்துல நீளவாக்குல இழுபட்டுத்தான் வரும். அதைத் திரும்ப நெருக்கி அடைக்கற மிஷின் அது. சரியா காம்பாக்ட் பண்ணாத துணி முதல் துவைப்புல நீளத்துல சுருங்கி, அகலத்துல விரியும். 5 சதவீதச் சுருக்கம் வரைக்கும் பொதுவா ஏத்துக்குவாங்க. 25 இஞ்ச் நீளத்துக்கு அது ஒண்ணேகால் இஞ்ச்! இடுப்புல நிக்கற டி-ஷர்ட்டுக்கு அது பெரிய வித்தியாசம், அதனால நீளத்தை ஒரு இஞ்ச் தாராளமாவே எடுங்க.

கடையில தொட்டதும் வெண்ணெய் மாதிரி வழுக்குனா உடனே மயங்காதீங்க. சிலிக்கான் சாஃப்ட்னர் போட்டாலும் அப்படித்தான் இருக்கும், சில துவைப்புல போயிரும். வாங்குன அன்னைக்கு ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க. நல்ல காட்டன் ஓரிரு நொடியில இழுத்துக்கும். சொட்டு முத்து மாதிரி நின்னா சாஃப்ட்னர் அதிகம், இல்லாட்டி பாலியஸ்டர் கலப்பு.

---

கத்தரிமேசை:

துணி பற்றி மேலே உள்ளது சரி. நல்ல துணியையும் தையலில் கெடுக்கலாம் என்பதால் அதைச் சொல்கிறேன்.

முதலில் கழுத்து. கழுத்துப்பட்டி உடம்புத் துணியிலேயே வெட்டியதா, தனி ரிப்பா என்று பாருங்கள். ரிப் என்றால் கோடு கோடாக மேடு பள்ளம் தெரியும். லைக்ரா கலந்த 1×1 ரிப், அதாவது ஒரு மேடு ஒரு பள்ளமாக மாறி மாறி வருவது, இருக்க வேண்டும். பட்டியை இரண்டு கையாலும் தலை நுழையும் அளவுக்கு இழுத்து விடுங்கள். அந்த நொடியே பழைய இடத்துக்குத் திரும்பினால் நல்லது. அலை அலையாக நின்றால் லைக்ரா இல்லை, அல்லது ரிப்பை நீளமாக வெட்டி இழுக்காமல் தைத்திருக்கிறார்கள். பட்டி, கழுத்துத் திறப்பின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக இருந்து, இழுத்துத் தைக்கப்பட்டால்தான் உடம்போடு ஒட்டிப் படுக்கும். அகலம் இரண்டு சென்டிமீட்டர் அளவில் இருந்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும், உழைக்கவும் செய்யும்.

உள்பக்கம் திருப்பி, பின் கழுத்தில் டேப் இருக்கிறதா பாருங்கள். ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் தையலை மூடி ஒரு பட்டை ஓடும். அது தோளிலிருந்து தோள் வரை நீண்டிருந்தால் இன்னும் சிறப்பு. ஹேங்கரில் மாட்டும்போதும் ஈரமாகக் காயும்போதும் எடை முழுவதையும் தாங்குவது தோள்தான். டேப் இல்லாத தோள் நீண்டு, கைக்குழி கீழே இறங்கிவிடும்.

பக்கத் தையல் முன்னால் வருவது பற்றி. ஒற்றை நூலில் முறுக்கு இருக்கிறது. துவைக்கும்போது அந்த முறுக்கு தளரப் பார்க்கும், அப்போது சிங்கிள் ஜெர்ஸி துணி முழுவதுமே சாய்ந்து திரும்பும். திருப்பூரில் ஸ்பைராலிட்டி என்று சொல்வது இதைத்தான். புது பீஸிலேயே இதை ஓரளவு முன்கூட்டிப் பார்த்துவிடலாம். துணியின் நல்ல பக்கத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய சங்கிலி போன்ற வரிசைகள் ஓடும். பக்கத் தையலுக்கு அருகே ஒரு வரிசையைப் பிடித்து, கீழ்மடிப்பு வரை விரலால் தொடர்ந்து வாருங்கள். அது தையலுக்கு இணையாகவே வந்தால் சரி. வழியில் தையலில் போய் முட்டினாலோ விலகிப் போனாலோ, துணியைச் சாய்வாகப் போட்டு வெட்டியிருக்கிறார்கள். துவைத்ததும் வரிசை நேராகும், தையல் சாயும். இரட்டைப் பின்னலான இன்டர்லாக் துணியில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை, ஆனால் அது கெட்டி, வெயிலுக்கு உஷ்ணம்.

கீழ்மடிப்பிலும் கைமடிப்பிலும் வெளியே இரண்டு வரிசைத் தையல், உள்ளே பின்னல் மாதிரி இருக்க வேண்டும். அதுதான் ஃப்ளாட்லாக் மிஷின் தையல், துணியோடு சேர்ந்து நீளும். சாதாரணத் தையல் மிஷினில் ஒற்றை வரிசையாக அடித்திருந்தால் இழுத்ததும் நூல் அறும். நீளத்தைக் குறைக்கத் தெருமுனை டெய்லரிடம் கொடுத்தவர்கள் பலருக்கு நடப்பது இதுதான். குறைக்கத்தான் வேண்டும் என்றால் ஜிக்ஜாக் தையல் போடச் சொல்லுங்கள், பனியனுக்கு உரிய பால்பாயிண்ட் ஊசியா என்றும் கேளுங்கள்.

அந்த ஊசி விஷயம் ஓட்டைக்கும் முக்கியம். மொண்ணையான ஊசியோ கூர் ஊசியோ பனியன் துணியின் பின்னல் கண்ணியை விலக்கிப் போகாமல் அறுத்துவிடும். புதிதில் தெரியாது, துவைத்ததும் தையலை ஒட்டி வரிசையாகச் சிறு ஓட்டைகள் திறக்கும். கடையிலேயே தோள் தையலையும் கீழ்மடிப்பையும் குறுக்கே நன்றாக இழுத்து, வெளிச்சத்தில் பாருங்கள். அறுந்த கண்ணி இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும்.

அளவு: மார்பு 36 என்றால், சாதாரணமாக உடுத்த டி-ஷர்ட்டின் சுற்றளவு 38 முதல் 40 வரை இருக்கலாம். தரையில் விரித்து, கைக்குழிக்கு ஒரு இஞ்ச் கீழே குறுக்கே அளந்தால் 19 முதல் 20. லைக்ரா கலந்து ஒட்டி நிற்கும் மாடல் என்றால் 17 முதல் 18 போதும். ஆண்கள் எஸ் சைஸ் பெரும்பாலும் 38 சுற்றளவு வருவதால் மார்பு சரியாக இருக்கும். ஆனால் தோள் பக்கத்துக்கு ஒரு இஞ்ச் இறங்கும், நீளம் 27 வரும், கை முழங்கை வரை போகும், கழுத்துப்பட்டி தொண்டையை ஒட்டும். வீட்டுக்குத் தாராளமாகப் போடலாம். ஆபீஸுக்குத் தோள் பொருந்தாதது கண்ணுக்கு உறுத்தும். யுனிசெக்ஸ் என்று விற்பதும் ஆண்கள் அளவுதான், பெயர் பார்த்து நம்ப வேண்டாம். ஒல்லியானவர்கள் பையன்களுக்கான 13-14 வயது அளவை அளந்து பார்க்கலாம். அந்தப் பிரிவில் துணி கெட்டியாகவும் தோள் குறுகலாகவும் கிடைக்கும்.

---

வெண்பருத்தி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சிக்கல். ஆன்லைனில் பாதிப் பேர் "பிரீமியம் காட்டன்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், ஜிஎஸ்எம் இல்லை. சிலர் 180 என்று போட்டுவிட்டு அனுப்புவது 180 தானா என்று எப்படித் தெரியும்? வெட்டிப் பார்க்க முடியாதே.

---

நூல்நம்பர்30:

வெட்ட வேண்டாங்க, கிச்சன் தராசு போதும். கம்பெனியில ஜிஎஸ்எம் கட்டர்னு ஒண்ணு வச்சு 100 சதுர சென்டிமீட்டர் வட்டமா வெட்டி எடை போட்டு நூறால பெருக்குவாங்க. வீட்டுல முழுப் பீஸையும் வச்சே கணக்குப் போடலாம்.

டி-ஷர்ட்டை விரிச்சு, மார்பு அகலத்தையும் தோள் உச்சியில இருந்து கீழ்மடிப்பு வரைக்கும் நீளத்தையும் சென்டிமீட்டர்ல அளங்க. ரெண்டையும் பெருக்கி, முன்னும் பின்னும் இருக்கறதால ரெண்டால பெருக்குங்க. அரைக்கை, மடிப்பு, கழுத்துப்பட்டிக்கெல்லாம் சேர்த்து 15 சதவீதம் கூட்டுங்க. உதாரணத்துக்கு அகலம் 48, நீளம் 64. 48 × 64 × 2 = 6,144. பதினஞ்சு சதவீதம் கூட்டுனா சுமார் 7,065 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.7 சதுர மீட்டர். தராசுல 126 கிராம் காட்டுனா 126-ஐ 0.7-ஆல வகுங்க. 180 வருது. அதே அளவு பீஸ் 98 கிராம்தான் இருந்தா அது 140. அஞ்சு பத்து முன்னப்பின்ன இருக்கலாம், ஆனா 180-ன்னு சொல்லி 140 அனுப்புனா தெளிவாத் தெரிஞ்சுரும்.

வாங்கறதுக்கு முன்னாடியே விக்கறவங்ககிட்ட "எம் சைஸ் ஒரு பீஸ் எத்தனை கிராம்?"னு மெசேஜ் போட்டுக் கேளுங்க. தயாரிக்கறவங்களுக்கு உடனே பதில் தெரியும். வெளிநாட்டுல இருந்து படிக்கறவங்களுக்கு: அங்க ஒரு சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ்னு போட்டிருப்பாங்க. அவுன்ஸை 34-ஆல பெருக்குனா ஜிஎஸ்எம். 5.3 அவுன்ஸ்னா 180, 4.2 அவுன்ஸ்னா 140 சொச்சம்.

லேபிள்ல "ஓகோ-டெக்ஸ்" முத்திரை இருந்தா உடம்புக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கான்னு சோதிச்சிருக்காங்கன்னு அர்த்தம். அது நல்ல விஷயம்தான், ஆனா துணி எத்தனை நாள் உழைக்கும்ங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

சுத்த காட்டன்தானான்னு சந்தேகம் வந்தா உள்பக்க ஓரத்துல இருந்து துணியோட நூல் ஒண்ணை உருவி, இடுக்கியில பிடிச்சு எரிச்சுப் பாருங்க. காட்டன் பேப்பர் எரியற வாசனையோட சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி முனையில கெட்டியா மணி மாதிரி நிக்கும். ஒரு எச்சரிக்கை: தையல் நூலை உருவிடாதீங்க. நல்ல காட்டன் டி-ஷர்ட்லயும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், அதை எரிச்சுப் பார்த்துட்டு ஏமாத்திட்டாங்கன்னு சண்டைக்குப் போகக் கூடாது.

---

சோப்புநுரை:

வயிற்றுப் பக்க ஓட்டை பற்றி யாரும் முழுசா சொல்லலை. தையலை ஒட்டி வந்தா ஊசி. தொப்புளுக்கு நேரே, ஜீன்ஸ் பட்டன் இருக்கிற இடத்தில் கூட்டமா வந்தா காரணம் உரசல். ஜீன்ஸின் உலோக பட்டனுக்கும் சமையல் மேடை விளிம்புக்கும் நடுவே துணி மாட்டித் தேயும். காரில் சீட் பெல்ட், ஆபீஸில் மேசை விளிம்பு, தோளில் குறுக்கே மாட்டும் பையின் பக்கிள், எல்லாம் அதே இடத்தில்தான். மெல்லிய நூல் என்றால் ஒரு கண்ணி அறுந்ததும் ஓட்டை விரியும். எந்தப் பிராண்ட் வாங்கினாலும் 140-ல் இது வரும், 180-ல் ரொம்பத் தாமதமாகும். ஓட்டை கண்டபடி எங்கெங்கோ இருந்தால் வாஷிங் மெஷினைப் பாருங்க. உள்ளாடை ஹூக்கும் ஜிப்பும் டி-ஷர்ட்டோட சேர்ந்து சுத்தினால் அப்படித்தான் ஆகும். ஹூக்கை மாட்டி, வலைப் பையில் போட்டுத் துவைங்க.

துவைப்பு முறை: உள்பக்கம் வெளியே திருப்பிப் போடணும், பச்சைத் தண்ணீர் போதும். கருப்பும் நேவியும் தனியா. ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டாம், அது பஞ்சு மேலே படிஞ்சு வியர்வையை இழுக்க விடாது. போர் தண்ணீர் உள்ள வீட்டில் சோப்புத்தூளை அள்ளிப் போட்டால் முழுசா அலசாது, துணி மொரமொரப்பாகி நிறம் மங்கும். தூளைக் குறைச்சு இன்னொரு முறை அலசுங்க.

காயப்போடும்போது ஈரத்தோட தோளில் கிளிப் போடாதீங்க. அக்குள் மட்டத்தில் கொடியில் மடிச்சுப் போட்டால் எடை பிரிஞ்சு, கழுத்து இழுபடாது. நிழல்தான் நல்லது, மொட்டை மாடி வெயிலில் கருப்பு சீக்கிரம் வெளுக்கும்.

வெள்ளையில் அக்குள் மஞ்சள்: பல டியோடரன்ட்களில் இருக்கும் அலுமினிய உப்பு வியர்வையோடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது. குளோரின் ப்ளீச் ஊத்தினால் மஞ்சள் கூடலாம், லைக்ராவும் செத்துப்போகும். ஆக்ஸிஜன் ப்ளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட் தூளை 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஒரு மணி நேரம் ஊறவெச்சு அலசுங்க. கறை பழசாகிக் கெட்டிப்படும் முன்னாடியே செய்யணும்.

வெள்ளைக்கு ஒரு விஷயம். 180 எடுத்தாலும் உள்ளே வெள்ளை உள்ளாடை போட்டால் கோடு தெரியும். உங்க தோல் நிறத்துக்கு நெருக்கமான நிறம் போடுங்க, தெரியாது. கடையில் சோதிக்க, ஒற்றைத் துணிக்குள் கையை விட்டு விரலை விரிச்சுப் பாருங்க. விரல் இடுக்கும் நகமும் பிரிஞ்சு தெரிந்தால் அந்த பீஸ் வேண்டாம்.

---

கத்தரிமேசை:

லைக்ரா கேள்வி அப்படியே நிற்கிறது. 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் லைக்ரா: இடுப்பில் ஒட்டி நிற்க வேண்டும், உப்பலும் தொய்வும் கூடாது என்றால் இதுதான். உட்கார்ந்து எழுந்தாலும் உருவம் மாறாது, பக்கத் தையல் திரும்புவதும் குறைவு. ஆனால் லைக்ரா போட்டால் துணி நெருங்கி விழும், காற்றோட்டம் குறையும். சூடான அயர்ன், டிரையர் இரண்டும் அதற்கு எதிரி. என் சிபாரிசு: ஆபீஸுக்கு லைக்ரா, வீட்டுக்குச் சுத்த காட்டன்.

மோடல் (மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை) கலந்ததை மென்மைக்காக நிறையப் பேர் கேட்கிறார்கள். வழிந்து விழும் அழகு உண்டு, ஆனால் உடம்பின் ஒவ்வொரு மடிப்பையும் காட்டும். பிளைன் பேசிக் டி-ஷர்ட்டாகத் தினமும் போட அது சரிவராது. கிரே மெலஞ்ச், அதாவது வெள்ளையும் கருப்பும் கலந்த சாம்பல் நிறத்தையும் சென்னையில் தவிருங்கள், வியர்வை ஈரம் அதில்தான் அப்பட்டமாகத் தெரியும்.

---

வெண்பருத்தி:

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: திருப்பூர் போகும் வாய்ப்பு வருகிறது. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் வாங்கலாமா?

---

நூல்நம்பர்30:

வாங்கலாம், ஸ்டேஷனுக்குப் பக்கம்தான். நிறையக் கடைக மொத்த வியாபாரம், சில்லறைக்குக் குடுக்கறாங்களான்னு முதல்லயே கேட்டுக்கங்க.

சர்ப்ளஸ்ல மூணு விதம் இருக்குங்க. ஆர்டருக்கு மேல கொஞ்சம் கூடுதலா வெட்டித் தைச்சு மிஞ்சுனது, பையர், அதாவது வாங்கற வெளிநாட்டுக் கம்பெனி, ஆர்டரை நிறுத்துனதால தங்குனது, செக்கிங்ல கழிச்சது. முதல் ரெண்டும் பொன்னு. மூணாவதுதான் கவனம். "எக்ஸ்போர்ட்"னு சொல்லி உள்ளூர் மார்க்கெட்டுக்குன்னே தைச்ச மட்டச் சரக்கும் நடுவுல கலந்து கிடக்கும். கழுத்து லேபிள் பாதி வெட்டி இருக்கறதை மட்டும் வச்சு நம்பாதீங்க, அதையும் வேணும்னே செய்யலாம். பக்கத் தையல்ல இருக்கற வாஷ்கேர் லேபிளைப் பாருங்க, துணி விவரம் பல மொழியில அச்சாகியிருந்தா ஓரளவு நம்பலாம்.

கழிச்ச பீஸ்ல பார்க்க வேண்டியது: முன்பக்கம், பின்பக்கம், கை மூணும் ஒரே நிறமான்னு வாசலுக்குக் கொண்டு வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க. ட்யூப் லைட் வெளிச்சத்துல ஷேட் வித்தியாசம் மறைஞ்சுரும். அடுத்தது பட்டை. குறுக்கு வாக்குல லேசா வரி வரியா ஓடும், ரெண்டு லாட் நூல் கலந்துட்டா அப்படி வரும், துவைச்சாலும் போகாது. மேலிருந்து கீழா ஒத்தைக் கோடு ஓடுனா ஊசிக்கோடு, அந்த இடத்துல பின்னாடி கண்ணி விடலாம். எண்ணெய்க் கறை சின்னதா இருந்தா போக்கிடலாம், பயமில்லை. சைஸ் லேபிளை நம்பாம டேப் எடுத்துட்டுப் போங்க, ஐரோப்பிய எம்முக்கும் நம்மூர் எம்முக்கும் அளவு ஒண்ணா இருக்காது.

கருப்பு வாங்கறப்ப ஈர வெள்ளைக் கர்ச்சீப்பை உள்பக்கத் தையல் ஓரத்துல பத்து தடவை தேயுங்க. லேசாச் சாயம் ஏறுனா முதல் ரெண்டு துவைப்புல நின்னுரும். கர்ச்சீப் நல்லாக் கருத்துட்டா அந்தக் கட்டுல இருக்கற சரக்கையே விட்டுருங்க.

ஒரேயடியா ஆறு, ஏழு வாங்கிடாதீங்க. சர்ப்ளஸ்ல அதே சரக்கு திரும்பக் கிடைக்காதுங்கறது உண்மைதான். அதனால ரெண்டு நாள் தங்கற மாதிரி திட்டம் வச்சு, முதல் நாளே கடைக்குப் போயிருங்க. நிறத்துக்கு ஒண்ணு வாங்கித் தங்கற இடத்துலயே அலசி ஃபேன்ல காய வச்சு, நீளத்தையும் பக்கத் தையலையும் பாருங்க. சரியா இருந்தா மறுநாள் காலையில அதே கடையில மிச்சத்தை எடுத்துக்கலாம்.